முதல் நாள் மாத்திரை

கண் டாக்டர் கெங்கின் அறைக்குள் ஒருவரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் நுழைவோம். அடுத்த டோக்கன்காரர், அதற்கடுத்தவர், அவருடைய மனைவி, மனைவியின் தங்கை என்று எல்லாரும் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்பார்கள். கேட்பதோடு விட்டால் பரவாயில்லை, ஆளுக்கொரு யோசனையும் சொல்வார்கள். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இரண்டு வருஷமாக இந்த வாசலில் நின்று நின்று கோபப்படுவதற்கும் தெம்பில்லாமல் போய்விட்டது. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் அதுவே அன்றைய அதிர்ஷ்டம்.

அன்றைக்குப் புத்தாண்டுக்கு முந்தைய கடைசிப் பரிசோதனை. என் வீட்டுக்காரன் தேமாவ் மோவாயைக் கருவியில் வைத்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் கெங் விளக்கை நகர்த்திப் பார்த்தவர், தலையைத் தூக்கினார்.

"இமை முடியில என்ன இது?"

தேமாவ் என் பக்கம் திரும்பினான். எந்தக் கேள்வி வந்தாலும் அவன் திரும்புவது இந்தப் பக்கம்தான்.

"மை, டாக்டர்," என்றேன்.

"கண்ணுல அழற்சி இருக்கிற ஆளுக்கு மை பூசுவீங்களா?"

"நுனியில மட்டுந்தான் பூசினேன். புத்தாண்டுக்கு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும். எப்படி இருக்குன்னு ஒருதடவை பூசிப் பாத்தேன்."

பின்னாலிருந்து ஒரு வயசாளி சிரித்தார். "குடுத்துவச்சவன்யா. என் பொண்டாட்டி எனக்கு மூக்குக்கண்ணாடிகூடத் துடைச்சுத் தந்ததில்ல."

டாக்டர் ஈரப்பஞ்சால் துடைத்தார். கறுப்பு போய், வெள்ளை வெளேரென்று இமை முடி வெளியே வந்தது. தலைக்குச் சாயம் அடித்திருந்ததால் அந்த வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"வெள்ளையாகிறதும் இந்த வியாதியோட அடையாளம்தான்," என்றார் டாக்டர். "நம்ம சனங்ககிட்ட இது நிறையவே இருக்கு. முதல்ல தலைவலி, காதுல இரைச்சல், தலைமுடியைத் தொட்டா வலி. அப்புறம் கண்ணு. அதுக்கப்புறம் முடி வெளுக்கும், தோல் திட்டுத் திட்டா வெளுக்கும்." பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் குரலைப் போல இருந்தது. அன்று காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னாரோ. அவருக்கும் என்னைப் போலவே கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

திரையில் தேமாவின் கண்ணுக்குள் எடுத்த படம் வந்தது. முழுவதும் செம்மஞ்சள் நிறம். மூடுபனிக்குப் பெயர்போன எங்கள் சோங்சிங்கில் அப்படியொரு அந்திவானத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

"அழகா இருக்கே!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"அழகாத்தான் இருக்கும். உள்ள இருக்கிற நிறமெல்லாம் அழிஞ்சுபோனா இப்படித்தான் தெரியும்," என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். "வலது கண்ணுக்கு இனி நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. நடுவுல தழும்பு விழுந்துடுச்சு. இடது நல்லா இருக்கு, அதைக் காப்பாத்திக்கலாம். போன வருஷம் மாத்திரையை எப்ப நிறுத்தினார்?"

"புத்தாண்டு முதல் நாள்."

அறையிலிருந்த அத்தனை பேரும் "ஆங்..." என்றார்கள். விளக்கமே தேவைப்படவில்லை. முதல் நாளில் யாராவது மருந்து சாப்பிடுவார்களா?

"அன்னிக்குச் சாப்பிட்டா வருஷம் பூரா மருந்து சாப்பிட வேண்டியதாயிடும் டாக்டர்," என்று ஒரு பெண் எங்களுக்காக வாதாடினாள்.

"இவர் இப்பவே வருஷம் பூரா சாப்பிடறவர்தானேம்மா?" என்றார் டாக்டர் கெங். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒரே நாள்ல கண்ணு போயிடாது. ஆனா ஒரு நாளோட விட்டவங்களை நான் இன்னும் பாத்ததில்ல. முதல் நாள் விடுவீங்க. ரெண்டாம் நாள் விருந்தாளி, மூணாம் நாள் பயணம். அப்படியே பதினஞ்சாம் நாள் விளக்குத் திருவிழா வரைக்கும் போயிடும். அது முடிஞ்சதும் என் வாசல்ல கூட்டம். இந்தத் தடவை அந்தக் கூட்டத்துல உங்களைப் பாத்தேன்னா, இடது கண்ணும் வலது மாதிரிதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்," என்றான் தேமாவ். அவனுக்கு எல்லாமே புரியும். புரிந்துகொள்வதில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது.

முன்பு அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் பஸ் ஓட்டுவதென்றால் ஒரு தெரு தலைக்கு மேலே, ஒரு தெரு காலுக்குக் கீழே. அதையெல்லாம் சீழ்க்கை அடித்தபடி ஓட்டுவான். முதலில் தலைவலி என்றான். பிறகு காதுக்குள் யாரோ விசில் ஊதுகிறார்கள் என்றான். முடிவெட்டப் போன இடத்தில், தலையை அலசிவிட்ட ஆளிடம் "மயிரைப் பிடிச்சு இழுக்கறியாடா?" என்று சண்டைக்குப் போனான். அந்த ஆள் விரல் நுனியால்கூட அழுத்தவில்லையாம். அரைகுறையாக வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தான். "எல்லாம் சூடு," என்றார்கள் அக்கம்பக்கத்தில். மிளகாய்க் குழம்பு கொதிக்கும் காரச்சட்டியில் வாரம் தவறாமல் இறைச்சியை முக்கித் தின்கிறவனுக்குச் சூடு வராமல் என்ன வரும்? சாமந்திப்பூ டீ போட்டுக் கொடுத்தேன். பச்சைப்பயறு கஞ்சி வைத்தேன். சூடு இறங்குகிறது என்று நம்பிக்கொண்டே இருந்தோம்.

ஒருநாள் பாலத்தின் நடுவில் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். பாலத்தின் கைப்பிடிக் கம்பி பாம்பு மாதிரி நெளிந்து தெரிந்ததாம். எல்லாரையும் இறங்கச் சொன்னான். வேலைக்குப் போகிற நேரம், அவனைத் திட்டாதவர் இல்லை. அத்தனை பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தானாம். அதற்குப் பிறகு அவன் வண்டி ஓட்டவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையில் பார்வை மீண்டது. கூடவே முகம் வீங்கி உருண்டையானது. பார்த்தவர்களெல்லாம் "தேமாவுக்கு நல்ல காலம், உடம்பு பூரிச்சிருக்கு" என்றார்கள். அவனும் தொப்பையைத் தட்டி, "ஆமா, பொண்டாட்டி சமையல்" என்பான். கண் வியாதி என்று யாரிடமும் சொல்ல விடமாட்டான். அண்ணனிடம் முக்கியமாகச் சொல்லக் கூடாது. காரச்சட்டிக்கு மசாலா வறுக்கும் பட்டறை வைத்திருப்பவர் பெரியண்ணன். பஸ் வேலை போனதும் தம்பியைக் கூப்பிட்டுப் பொட்டலம் கட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார். "கண்ணு தெரியாதவனுக்குப் போட்ட பிச்சைன்னு ஆயிடும்," என்பான் தேமாவ். "கண்ல கொஞ்சம் சூடுன்னு சொல்லியிருக்கேன். அது போதும்."

போன புத்தாண்டில்தான் வலது கண் போனது. பெரியண்ணன் வீட்டில் முதல் நாள் மருந்துப் புட்டிக்கு இடமில்லை. ஒரு வருஷம் ஒன்றுவிட்ட தம்பி யாரோ அன்று காலை இருமல் மருந்து குடித்தானாம், அந்த வருஷமே பட்டறையில் தீப்பிடித்ததாம். அன்றிலிருந்து அது சட்டம். "நாளைக்குச் சாப்பிட்டுக்கிறேன்," என்றான் தேமாவ். மறுநாளும் அதையே சொன்னான். மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு லேசாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று வேறு மகிழ்ந்தான். விளக்குத் திருவிழா அன்று விளக்கு பார்க்கப் போனோம். எல்லாரும் விளக்கைப் பார்க்க, அவன் ஒரு கண்ணைப் பொத்திப் பொத்தித் திறந்துகொண்டிருந்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த வருஷம் புத்தாண்டுக்கு முந்தின நாள், அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று காலையே சண்டை தொடங்கியது.

"இன்னிக்குப் போட்டாச்சு. ரெண்டாம் நாள் காலையில போட்டுக்கிறேன்," என்றான்.

"போன வருஷமும் இதே வாயாலதான் சொன்ன."

"அண்ணன் வீட்டுல உக்காந்துக்கிட்டு மாத்திரை முழுங்கச் சொல்றியா? பட்டறையில ஒரு மூட்டை மிளகாய்ல பூசணம் பிடிச்சாக்கூட அதுக்கும் நான்தான் காரணம்னு ஆகும்."

"கக்கூஸ்ல வச்சு முழுங்கு."

"முதல் நாள் காலையில கக்கூஸ்ல நின்னு மருந்து! உனக்கு மூளை இருக்கா?"

"உனக்கு இருக்கிறது ஒரு கண்ணு. அது இருக்கான்னு மொதல்ல பாரு."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். சரிசெய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டான். பிறகு தணிந்த குரலில், "களைச்சுப் போச்சு யுன்லியன்," என்றான். "ஒரே ஒரு நாள் வியாதிக்காரனா இல்லாம இருந்துக்கிறேனே."

எனக்குக் களைப்பாக இல்லையா? ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கால் என்னுடையது. உப்பில்லாமல் தனிச் சமையல் செய்த கை என்னுடையது. நாளைக்கு இவனுக்குக் கண் தெரியாமல் போனால் இந்த ஊரின் படிக்கட்டுகளில் கையைப் பிடித்து ஏற்றி இறக்கப்போவதும் நானேதான். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூட்டையைக் கட்டினேன். இமைக்கு மட்டும் மறுபடியும் மை பூசிவிட்டேன். அதற்கு மட்டும் குழந்தை மாதிரி முகத்தை நீட்டினான்.

புத்தாண்டுக் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து அண்ணன் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் அன்று காலை ஒட்டரிசி மாவு உருண்டைதான் ஆகாரம். உள்ளே எள்ளும் சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் வைத்து, வெந்நீரில் போட்டு எடுப்பது. அண்ணி ராத்திரியே மாவு பிசைந்து வைத்திருந்தாள். நான் கோட்டுப் பையிலிருந்த மாத்திரைகளில் ஒரு நாளைக்கு உரிய நாலையும் எடுத்துக் கரண்டியால் நசுக்கினேன். உருண்டைக்கு ஒன்றாக எள்ளுக்குள் வைத்து, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டேன். எங்கள் பேச்சில் நாலு என்றால் சாவு என்பது போலவே ஒலிக்கும்; கிண்ணத்தில் நாலு உருண்டை மட்டும் வைத்தால் அபசகுனம் என்று வீடே எழுந்து நிற்கும். அதனால் வெறும் எள் வைத்த இரண்டையும் சேர்த்து ஆறாக்கினேன்.

விரலில் ஒட்டியிருந்த பொடியை யோசிக்காமல் நக்கிவிட்டேன். அப்பா, என்ன கசப்பு! தொண்டைவரை இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. இரண்டு வருஷமாகத் தினமும் இதையா விழுங்குகிறான்? நான் ஒருநாள்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. மாத்திரை நாக்கில் கரைந்துவிட்டது என்று அவன் முகம் சுளிக்கும்போதெல்லாம், "பெரிய ராஜா வீட்டுப் பிள்ளை" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

விளிம்பில் கீறல் விழுந்த கிண்ணம் ஒன்று இருந்தது. ஆறையும் தனியாக வேகவைத்து, அடையாளத்துக்காக அதில் போட்டேன். "நீங்க உக்காருங்க அண்ணி, நான் பரிமாறறேன்," என்று எல்லாவற்றையும் நானே எடுத்துப்போனேன். கீறல் கிண்ணத்தைத் தேமாவுக்கு முன்னால் வைத்தேன். காரியம் முடிந்தது என்று மூச்சுவிட்டேன்.

தேமாவ் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, பெரியண்ணனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தான். "முதல்ல நீங்க அண்ணா."

தம்பி இருந்து அண்ணனுக்கு முதல் கிண்ணம் போகாமல் இருக்குமா? இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டு மருமகளாக இருந்துவிட்டு அதை எப்படி மறந்தேன்?

"அண்ணா, அது... அதுல விளிம்பு கீறியிருக்கு. மாத்தித் தரேன்."

"கிண்ணத்தையா திங்கப் போறேன்?" என்று சிரித்தபடி பெரியண்ணன் ஒரு உருண்டையை வாயில் போட்டார். ஒரு கடி கடித்தார். தாடை அப்படியே நின்றது.

நாக்குதான் அவருடைய தொழில். மிளகாயைக் கடித்து எந்தக் கொல்லையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். முதல் நாள் காலை, முதல் வாய், அந்த வாயில் கசப்பு. இனி வருஷம் பூராவும் கசப்புதான் என்று அர்த்தம்.

"எள்ளு கொஞ்சம் தீஞ்சிடுச்சு போல அண்ணா," என்றேன்.

"தீஞ்ச எள்ளு எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது?" கன்னத்தில் அதை ஒதுக்கி வைத்துக்கொண்டே கேட்டார். "என்னம்மா போட்ட இதுல?"

அண்ணி என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தேமாவும் பார்த்தான். முதலில் புரியாமல் பார்த்தான், பிறகு என் முகத்திலிருந்து கோட்டுப் பைக்கு அவன் பார்வை இறங்கியது. அவ்வளவுதான், இன்றோடு தொலைந்தேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சண்டை, இனி என் கையால் எதையும் தின்னமாட்டான், மாத்திரையும் அதோடு போயிற்று, கண்ணும் போயிற்று.

அவன் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினான். கை கிண்ணத்துக்கு வலப்பக்கமாக வெறும் மேஜையில் விழுந்தது. தடவி, கிண்ணத்தைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டான். ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு, விழுங்காமல் நன்றாக மென்றான்.

"இனிப்பாத்தான் இருக்குண்ணா," என்றான்.

இன்னொன்றை எடுத்தான். "நல்ல இனிப்பு. ராத்திரி குடிச்ச சாராயத்துல உங்க நாக்கு செத்துப்போயிருக்கும்." மூன்றாவதைப் போட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவியோ கசப்போ, சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தான். கையில் கறுப்பாக ஈஷியது. அதற்கு மேலே அவனுடைய இமை முடி, வெள்ளை வெளேரென்று.

பெரியண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சின்னவனே, உன் இமை ஏன்டா வெளுத்திருக்கு?"

"வயசாகுதுல்ல அண்ணா."

"உன்னைவிட எட்டு வயசு மூத்தவன் நான். எனக்குக் கறுப்பாத்தானே இருக்கு?"

வியாதி, குருடு, ஆஸ்பத்திரி, கசப்பு, இந்தச் சொற்களையெல்லாம் அன்று வாயில் எடுக்கக் கூடாது. பெரியண்ணன் தம்பியின் உருண்டை முகத்தைப் பார்த்தார், மேஜையில் தடவிய கையைப் பார்த்தார். கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார்.

"இனிப்புதான்," என்றார். "நான்தான் சரியாக் கவனிக்கல. எல்லாரும் சாப்பிடுங்க, ஆறுது."

அண்ணி ஏதோ கேட்க வந்தாள். "இனிப்புன்னு சொல்றேன்ல," என்று அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, தன் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். "ஏம்மா, நாளைக்கும் இங்கதான் இருக்கணும் ரெண்டு பேரும். விளக்குத் திருவிழா முடியறவரைக்கும் போகக் கூடாது. தினமும் காலையில இதே மாதிரி செஞ்சு அவனுக்குக் குடு. என் வீட்டுல எவன் என்ன சொல்றான்னு பாத்துக்கறேன்."

நான் "சரிண்ணா" என்றேன். தேமாவ் ஒன்றுவிடாமல் தின்று காலி செய்த கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்டால் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

குப்பையை அன்று வெளியே கொட்டக் கூடாது, செல்வம் போய்விடும். ஆகவே காற்று வாங்கலாம் என்று செருப்புகள் கிடக்கும் மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கதவு திறந்தது. தேமாவ் சுவரைத் தொட்டபடி ஒரு படி இறங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்தான். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அண்ணன் ஒண்ணை முழுங்கிட்டார்," என்றான்.

"ஆமா."

"அப்ப எனக்கு மூணுதான் ஆச்சு. ஒண்ணு குறையுது."

கையை நீட்டினான். கோட்டுப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினேன். "தண்ணி கொண்டு வரவா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அப்படியே வாயில் போட்டான். வறண்ட தொண்டையில் அது உடனே இறங்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினான்.

"கசக்குது யுன்லியன்," என்றான்.

அன்று சொல்லக் கூடாத சொல்.

"தெரியும்," என்றேன்.